கருப்பசாமிக்கு எந்தச் சுருட்டு?

தம்பி, அதை உள்ள வைங்க. பைக்குள்ள வைங்க மொதல்ல. பத்த வைக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுது. இருந்தாலும் பஸ்ஸுக்குள்ள உக்காந்து சுருட்டைக் கையில வச்சு உருட்டிக்கிட்டே வர்றது நல்லாவா இருக்கு? பொது இடத்துல புகை பிடிச்சா இருநூறு ரூபா அபராதம். சட்டம் சொல்லுது, நான் சொல்லல. இருபத்தெட்டு வருசம் சுகாதார ஆய்வாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். அதுல கடைசிப் பதினஞ்சு வருசம் அந்த அபராத ரசீதுப் புத்தகத்தை அக்குள்ளயே வச்சுக்கிட்டு அலைஞ்சேன். பேரு சோணைமுத்து.

எத்தனை வச்சுருக்கீங்க? நாலா? நாலும் வேற வேறயா? காட்டுங்க. சும்மா பாக்கத்தான். ம்ம். கியூபா. துபாய்லருந்து வர்றீங்க, இப்பத்தான் பழகுறீங்க, நாலுல எதை மொதல்ல குடிக்கிறதுன்னு போன்ல தேடிக்கிட்டு வர்றீங்க. அட, போனை அணைங்க தம்பி. கியூபா சுருட்டைப் பத்தித் திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவுல என்னை விட்டாச் சொல்றதுக்கு ஆள் கிடையாது.

ஏன் அப்படி முழிக்கிறீங்க? அபராதம் போட்டவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? சாமி காரியம் தம்பி. எங்க கருப்பசாமிக்காகத்தான் நான் சுருட்டைத் தொட்டதே. எனக்காக இல்ல. அதை மொதல்லயே சொல்லிப்புடுறேன். துவரங்குறிச்சி தாண்டி பஸ்ஸு டீ குடிக்க நிக்கும், அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

எங்க ஊரு மேலூருக்கு உள்ள தள்ளி. ஊர்ப் பொது மந்தையில கருப்பு இருக்கு. குதிரை மேல பத்தடி உசரத்துக்கு உக்காந்துருக்கும். மீசை ரெண்டும் காதைத் தொடும். வாயில சுருட்டு சொருகுறதுக்கு ஒரு ஓட்டை விட்டே செலையைச் செஞ்சுருக்காங்க. மத்த ஊருல எல்லாம் கருப்புக்கு ராத்திரிப் பூசை. எங்களுக்கு உச்சிப் பூசை. மண்டையைப் பொளக்குற வெயில்ல, மாசி மாசம் களரித் திருவிழா. அன்னைக்கு எங்க வகையறாவுல சாமியாடி மேல கருப்பு எறங்கும். எறங்குனதும் பூசாரி சுருட்டு பத்த வச்சுக் கையில குடுப்பாரு. அதை இருமாம, கண்ணுல தண்ணி விடாம, அடி வரைக்கும் குடிச்சு முடிக்கணும். அப்புறந்தான் குறி. இருமிட்டா வந்தது கருப்பு இல்ல, வெறும் ஆளுதான்னு அர்த்தம். அருவாளை அடுத்த பங்காளி கையில குடுத்துட்டு ஓரமாப் போக வேண்டியதுதான்.

எங்க பெரியப்பாதான் நாப்பது வருசம் ஆடுனாரு. போன ஆடியில போயிட்டாரு. அடுத்த சாமியாடி யாருன்னு கோயில்ல பூக்கட்டிப் போட்டுப் பாத்தாங்க. ஒவ்வொரு ஆம்பளை பேராச் சொல்லி, வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், செவப்புப் பூ ஒரு பொட்டணம். செவப்பு யாருக்கு வருதோ அவந்தான். பதினோரு பேருக்கு வெள்ளை. என் பேரைச் சொன்னாங்க, செவப்பு. மூணு தடவை போட்டுப் பாத்தாங்க. மூணு தடவையும் செவப்பு.

ஊரே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. எங்க சித்தப்பா மகன் ராக்கப்பன் மட்டும் சிரிச்சான். எனக்குச் செவப்பு வரலைன்னா அடுத்த பாத்தியதை அவனுக்கு. மந்தையை ஒட்டிப் பொட்டிக்கடை வச்சுருக்கான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல பீடி சிகரெட்டு வித்தான்னு அவனுக்கு நான் மூணு தடவை அபராதம் போட்டுருக்கேன். தம்பின்னு பாக்கல. சட்டம்னா சட்டம்.

"ஏப்பா, புகையைக் கண்டா மூக்கைப் பொத்துற ஆளு மேல கருப்பு எப்படிப்பா எறங்கும்? எறங்குனாலும் ரெண்டே இழுப்புல இருமிட்டு எறங்கி ஓடிரும்" அப்படின்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க தம்பி.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ஊர்ல எனக்குப் பேரே 'இருநூறு'தான். இருநூறு வருதுடான்னு சொல்லிட்டு பீடியை முதுகுக்குப் பின்னால ஒளிப்பாங்க. கல்யாண வீட்டுல நான் போய் உக்காந்தா அந்தப் பந்தியே சத்தமில்லாம ஆயிரும். டீக்கடையில என்னைக் கண்டா கிளாஸை ரெண்டு தடவை கழுவுவாங்க, மரியாதையில இல்ல, பயத்துல. இத்தனை வருசத்துல ஒருத்தன் என்னைப் பாத்து வாங்கன்னு வாயார சொன்னதில்ல. அப்படிப்பட்டவனுக்குக் கருப்பே செவப்புப் பூவைக் குடுக்குது. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. அந்த அருவாளை நான் யாருக்கும் விட்டுக் குடுக்குறதா இல்ல.

ஆனா சுருட்டு? பொறந்ததுலருந்து ஒரு பீடி தொட்டதில்ல. சரி பழகுவோம்னு நாட்டுச் சுருட்டு ஒண்ணு வாங்கியாந்து, கதவைச் சாத்திக்கிட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். ஆத்தாடி! ரெண்டு நாளைக்கு இருமல் நிக்கல. எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம் கசாயமா வச்சுக் குடுத்தே ஓஞ்சு போனா.

அப்பத்தான் எம் மச்சினன் தவமணி ஞாபகம் வந்துச்சு. பஞ்சவர்ணத்தோட தம்பி. கத்தார் நாட்டுத் தோகாவுல ஒரு பெரிய ஓட்டல்ல வேலை. அங்க சுருட்டு குடிக்கிறதுக்குன்னே ஒரு ரூம்பு இருக்காம். அதுல இவன். வந்து உக்கார்ற பணக்காரன் மூஞ்சியைப் பாத்தே எந்தச் சுருட்டைத் தாங்குவான்னு சொல்லிருவானாம். அவனுக்குப் போன் பண்ணி விசயத்தைச் சொன்னேன். பய சிரிக்கல. அவனுக்கு அது தொழில் பாருங்க, டாக்டரு மாதிரி நிதானமாக் கேக்குறான்.

"மாமா, சாமி வந்ததும் எம்புட்டு நேரம் குடிக்கணும்?"

"அரை மணி நேரம் மாப்ள. வெயில்ல நின்னுக்கிட்டு."

"அதுக்கு முன்னாடி சாப்பிடுவீங்களா?"

"எங்கிட்டு? காலையிலருந்து விரதம்."

"வெறும் வயித்துல, வெயில்ல, புது ஆளு. சரியான ஆளுதான் மாமா நீங்க. கெட்டியான சரக்கு தாங்காது. மட்டா இருக்கணும், குட்டையா இருக்கணும். நான் தை மாசம் லீவுல வரும்போது நாலு தினுசு கொண்டாரேன். ஜோடி ஜோடியா எட்டு. ஒண்ணைக் குடிச்சுப் பாருங்க, எது ஒத்துக்கிருதோ அதோட ஜோடியைக் களரிக்கு வச்சுக்கங்க."

பாத்தீங்களா, எம்புட்டுத் தெளிவு! கொண்டாந்தான். கத்துக் குடுத்துட்டும் போனான். நீங்களும் கேட்டுக்கங்க தம்பி, போன்ல இதெல்லாம் இருக்காது. புகையை முழுங்கப்படாது. நெஞ்சுக்குள்ள எறக்கப்படாது. வாயில வாங்கி, பாயாசத்தை உருட்டுற மாதிரி நாக்குல உருட்டி, வெளிய விடணும். நிமிசத்துக்கு ஒரு இழுப்பு, அதுக்கு மேல கூடாது. வெறும் வயித்துல குடிக்கப்படாது. தலை சுத்துச்சுன்னா உடனே ஒரு கை சீனியை வாயில போட்டுக்கணும். நுனியை வெட்ட அவன் என்னமோ ஒரு கத்திரி கொண்டாந்தான், அதெல்லாம் வேணாம்னுட்டேன். எங்க மாமியா பாக்குவெட்டி இருக்கு. நறுக்குனு ஒரு வெட்டு. தவமணியே அசந்து போயிட்டான்.

நான் எதைச் செஞ்சாலும் பதிவேடு போட்டுத்தான் செய்வேன். சர்வீஸுல சோதனைக்குக் குடிதண்ணி மாதிரி எடுத்தாலும் சரி, கடலை மிட்டாய் மாதிரி எடுத்தாலும் சரி, எழுதாம இருந்ததில்ல. ஒரு நோட்டு வாங்கி கோடு போட்டேன். மாதிரி எண், நிறம், மணம், விளைவு. தினம் மத்தியானம் மூணு மணிக்கு, சாப்பிட்டுட்டு, மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால.

மாதிரி எண் ஒண்ணு. கறுப்பும் மஞ்சளுமாக் காகிதப் பட்டி சுத்துனது. உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கே, அந்தத் தடியன், அதேதான். இருக்குறதுலயே பாக்கக் கம்பீரமா இருந்துச்சு. கருப்புக்கு ஏத்தது இதுதான்னு மனசுல பட்டுச்சு. தவமணி படிச்சுப் படிச்சுச் சொன்னான், மாமா அது கடைசில குடிக்கிறதுன்னு. கேட்டேனா? பத்து இழுப்பு நல்லாத்தான் போச்சு. பதினோராவது இழுப்புல மாடி சாஞ்சுச்சு. சத்தியமாச் சாஞ்சுச்சு தம்பி, தண்ணித் தொட்டி என்னைப் பாத்து நடந்து வருது. வேர்வை ஆறா ஓடுது. கண்ணு மேல சொருகுது. அந்த நேரம் பாத்து வத்தல் எடுக்க மேல வந்தா பஞ்சவர்ணம். என் கோலத்தைப் பாத்தா. புருசனுக்கு நெஞ்சு வலியோன்னு பதற வேணாமா? கை ரெண்டையும் தூக்கிக் கும்புட்டா.

"கருப்பா! வந்துட்டியாப்பா! என்னப்பா வேணும் உனக்கு?"

எனக்குத் தவமணி சொன்னது மட்டும் எங்கயோ கேக்குது. "சீனி... சீனி கொண்டாடி" அப்படின்னேன். ஓடிப்போய் டப்பாவோட கொண்டாந்து ரெண்டு கை அள்ளி வாயில போட்டா. அஞ்சு நிமிசத்துல தெளிஞ்சிருச்சு. தெளிஞ்சதும் நான் சுருட்டுன்னு சொல்லவா? சொல்லல. சாயந்தரத்துக்குள்ள தெரு பூராம் போயிருச்சு, சோணைமுத்து மேல களரிக்கு முன்னாடியே கருப்பு எறங்கிருச்சு, சீனி கேக்குதுன்னு. மறுநாள் காலையில வாசல்ல நாலு சீனிப் பொட்டணம். நாப்பது வருசம் எங்க பெரியப்பா ஆடியும் கருப்பு ஒருநாளும் சீனி கேட்டதில்லையேன்னு ராக்கப்பன் மட்டும் கடையில உக்காந்து எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தான்.

மாதிரி எண் ரெண்டு. நீட்டு ஒல்லி. ஒல்லியா இருக்கே, மட்டாத்தான் இருக்கும்னு நெனைக்காதீங்க. நீங்க அப்படித்தான் நெனைச்சீங்க, மொகத்துல தெரியுது. ஒல்லியானது சீக்கிரம் சூடாயிரும். கொஞ்சம் அவசரப்பட்டு இழுத்தாப் போச்சு, நாக்கு வெந்துரும். பதிவேட்டுல எழுதுனேன்: விளைவு, நாக்குக் கொப்புளம், ரெண்டு நாள் மோர்ச்சோறு.

மாதிரி எண் மூணு. ஒரு பக்கம் கூரா இருக்கும் பாருங்க. இதுல என்ன ஆச்சுன்னா... சரி, சொல்லிப்புடுறேன், நீங்க வேற ஊர்க்காரரு. கூர் பக்கத்துல பத்த வச்சுட்டேன். ஊசிப் பட்டாசு மாதிரி அந்தப் பக்கந்தானே திரி இருக்கும்னு நெனைச்சேன். வீடியோவுல பாத்துக்கிட்டு இருந்த தவமணி தலையில அடிச்சுக்கிட்டான். நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. கூர்தான் வாய்க்கு.

மாதிரி எண் நாலு. செவப்புப் பட்டி. குட்டை. சுண்டு விரலுக்குக் கொஞ்சம் மேல.

தம்பி, அதை எப்படிச் சொல்றது. மொத இழுப்புல வறுத்த கடலை. அப்புறம் எங்க ஆத்தா பழைய மரப்பெட்டியைத் தெறந்தா ஒரு வாசனை வருமே, அது. இருமல் இல்ல, சுத்தல் இல்ல. தொட்டிக்குப் பின்னால உக்காந்து புகை விட்டுக்கிட்டே ஊரைப் பாத்தேன். வயக்காடு, மந்தை, கருப்பு, ராக்கப்பன் கடை எல்லாம் தெரிஞ்சுச்சு. ராக்கப்பன் மேல கூட எனக்குக் கோவம் வரல. அன்னைக்குப் பதிவேட்டுல விளைவுங்குற எடத்துல என்ன எழுதுறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நல்லா இருந்துச்சுன்னு சொல்லல. ஒத்துக்கிருச்சுன்னு சொல்றேன். புது ஆளுக்கு அதுதான் தம்பி, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். செவப்புப் பட்டி.

ஆக முடிவாகிப் போச்சு. அதோட ஜோடி ஒண்ணு இருக்கு, அதைக் களரி வரைக்கும் காயாமக் காப்பாத்தணும். சுருட்டுக்கு ஈரப்பதம் வேணும்னு தவமணி சொல்லியிருந்தான். ஃப்ரிட்ஜுல பஞ்சவர்ணம் ஈரத்துணி சுத்தி மல்லிகைப் பூ வைக்கிற எவர்சில்வர் டப்பா இருந்துச்சு. அதுக்குள்ள வச்சேன். சுருட்டு நல்லா இருந்துச்சு. பூதான் மாறிப் போச்சு. வெள்ளிக்கிழமை அவ கோயிலுக்குப் போனா, பின்னால நின்ன பொம்பளைங்க எல்லாம் ஆம்பளைங்க வரிசையைத் திரும்பித் திரும்பிப் பாத்துருக்காங்க.

இப்ப ஒரு சிக்கல். சாமியாடி தன் சுருட்டைத் தானே கொண்டு போகக் கூடாது. சனங்க நேந்துக்கிட்டு வந்து இலையில படைப்பாங்க, அதுலருந்துதான் பூசாரி எடுத்துக் குடுப்பாரு. நான் யோசிச்சு யோசிச்சு ஒரு வழி பண்ணுனேன். பட்டியை உரிச்சிட்டேன். வெளிநாட்டுச் சுருட்டுன்னு ராக்கப்பன் கிளப்பி விட்டுருவான்ல. உரிச்சதைப் பஞ்சவர்ணம் கையில குடுத்து, தவமணி நேத்திக்கடன்னு சொல்லி இலையில வைக்கச் சொன்னேன். நல்லா முன்னால வையி, பூசாரி கைக்கு மொதல்ல அகப்படணும்னு சொன்னேன். அவளும் அப்படியே வச்சா. என் திட்டத்துல ஒரு ஓட்டை இல்ல தம்பி.

களரி அன்னைக்கு எள்ளுப் போட்டா எள்ளு விழாத கூட்டம். கச்சை கட்டி, காலுல சலங்கை கட்டி, அருவாளைக் கையில குடுத்துட்டாங்க. கொட்டு மொழங்குது. எனக்குக் கண்ணெல்லாம் இலை மேலதான். முப்பது நாப்பது நாட்டுச் சுருட்டுக்கு முன்னால என் குட்டையன் ராசா மாதிரி படுத்துருக்கான். பூசாரி வந்தாரு. குனிஞ்சாரு. அதைத்தான் எடுத்தாரு! என் உசுரே வந்துச்சு. எடுத்தவரு சும்மா இருக்க வேணாமா? மூக்குக்கிட்டக் கொண்டு போய் மோந்து பாத்தாரு. கண்ணை மூடுனாரு. மறுபடியும் மோந்து பாத்தாரு.

"அடேயப்பா! இப்படி ஒரு வாசனைச் சுருட்டு என் சர்வீஸுல பாத்ததில்ல. இதைப் போய் மனுசன் கையில குடுக்குறதா?" அப்படின்னு சொல்லிட்டு, ஏணியில ஏறி, பத்த வச்சு, செலை வாயில சொருகிட்டாரு.

என்ன பண்ணுவேன் சொல்லுங்க! வேணாம்னு சொல்ல முடியுமா? கருப்பு வாயில இருக்குறதை எனக்குக் குடுன்னு கேக்க முடியுமா? அங்க பத்தடி உசரத்துல என் சுருட்டு வறுத்த கடலை வாசத்தோட புகையுது. கருப்பு இழுக்கக் கூட இல்ல தம்பி. சும்மா காத்துல எரிஞ்சு வீணாப் போகுது.

அந்த நேரத்துக்குன்னே காத்திருந்த மாதிரி ராக்கப்பன் வந்தான். கட்டை விரல் தண்டி ஒரு நாட்டுச் சுருட்டு, கன்னங்கரேல்னு. அவனே பத்த வச்சு, ரெண்டு கையாலயும் நீட்டுறான். "குடிங்க சாமி." பவ்யமாத்தான் சொன்னான். உதட்டு ஓரத்துல சிரிப்பு.

கொட்டு நின்னுருச்சு. அம்புட்டுச் சனமும் என் வாயையே பாக்குது. நான் அபராதம் போடாத ஆளு அந்தக் கூட்டத்துல பத்துப் பேரு கூட இருக்க மாட்டாங்க. வெறும் வயிறு. உச்சி வெயில். வாங்குனேன். மொத இழுப்பு, நெஞ்சைப் பிடிச்சு நிப்பாட்டுனேன், இருமல. ரெண்டாவது, கண்ணு எரியுது, விடல. மூணாவது இழுப்புல தொண்டைக்குள்ள யாரோ மொளகாயைக் கரைச்சு ஊத்துன மாதிரி இருந்துச்சு. இருமல் மேல ஏறி வருது. இருமுனா அருவா போயிரும். மறுபடியும் இருநூறு ஆயிருவேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டு அம்புட்டுப் புகையையும் முழுங்கிட்டேன். முழுங்கக் கூடாதுன்னு தவமணி சொன்னதைத்தான் முழுங்குனேன்.

அதுக்கப்புறம் நான் பாக்கல. மத்தவங்க சொல்லிக் கேட்டதுதான்.

கண்ணு ரெண்டும் வெள்ளையாச் சொருகிருச்சாம். ஒடம்பு நடுங்குதாம். அடிவயித்துலருந்து ஒரு சத்தம் வந்துச்சாம், குதிரையே மெரண்டுருக்கும்னு சொல்றாங்க, சுதைக் குதிரை. பெரியப்பா ஆடுன நாப்பது வருசத்துல அப்படி ஒரு ஆட்டம் பாத்ததில்லையாம். அப்புறம் அருவாளை ஓங்கிக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள பாஞ்சேனாம்.

"யாருடா அது பொது இடத்துல புகை பிடிக்கிறது? அணைடா! அணைடா மொதல்ல!"

பழக்க தோசம் தம்பி. மயக்கத்துல நாக்கு அந்தப் பக்கந்தானே போகும். ஒருத்தன் வாயிலருந்து பீடியைப் பிடுங்கி மிதிச்சேனாம். ஒருத்தன் காதுல சொருகியிருந்ததைப் பிடுங்குனேனாம். ராக்கப்பன் சட்டைப்பையில கையை விட்டு சிகரெட்டுப் பாக்கெட்டை எடுத்துக் கசக்கி வீசுனேனாம். அப்படியே திரும்பிப் போய், ஏணியில விறுவிறுன்னு ஏறி, கருப்பு வாயில இருந்ததையும் பிடுங்கி...

என் செவப்புப் பட்டி தம்பி. பாதி கூட எரியல. கீழ போட்டு மிதிச்சுட்டேனாம். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல.

கடைசில ஏணிக்கு அடியில உக்காந்து, "சீனி கொண்டா" அப்படின்னேனாம்.

ஊரே பொத்துனு கால்ல விழுந்துருச்சு. பஞ்சவர்ணம் ஏற்கெனவே மாடியில கேட்டது வேற இருக்குல்ல. கருப்பு சுருட்டை விட்டுருச்சு, இனிமே சீனிதான் கேக்குது, ஊர்லயும் எவனும் புகைக்கக் கூடாதுன்னு குறி சொல்லிருச்சுன்னு முடிவாயிருச்சு. மொதல்ல கால்ல விழுந்தவன் யாருன்னு நெனைக்கிறீங்க? ராக்கப்பன். குலுங்கிக் குலுங்கி அழுகுறான். அன்னைக்கே கடையில இருந்த பீடி சிகரெட்டை எல்லாம் கொளுத்திட்டான். சுகாதாரத் துறை வருசக்கணக்கா செய்ய முடியாததைக் கருப்பு ஒரு மத்தியானத்துல செஞ்சிருச்சு.

அது நிக்கோட்டின் பண்ணுன வேலைன்னு தவமணி போன்ல சொல்றான். சொல்லட்டும். இருமலா, இல்ல. கண்ணுல தண்ணி? அதையும் எவனும் பாக்கல. ஊரு சாமின்னு சொல்லுது. நான் அரசாங்க உத்தியோகம் பாத்தவன், ஊரு கையெழுத்துப் போட்டதுதான் ரெக்கார்டு.

இப்ப நம்ம மரியாதையே தனி. டீக்கடையில எந்திரிச்சு நிக்கிறாங்க. கல்யாணத்துல மொதப் பந்தி. வாங்க சாமின்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கை நெறையச் சீனி அள்ளி வாயில போடுறாங்க. மாட்டேன்னு சொல்ல முடியுமா? போன மாசம் டெஸ்ட்டு பண்ணுனா சுகரு முந்நூத்திப் பத்து.

பங்காளிங்க கூடி ஒரு கட்டுப்பாடும் போட்டுட்டாங்க. கருப்பே விட்டதைச் சாமியாடி தொடக் கூடாது. தொட்டா அருவா ராக்கப்பன் கைக்குப் போயிரும். அவன் திருந்திட்டான், நான் இல்லைங்கல. தினம் விடியக்காலம் வந்து கால்ல விழுகுறான். ஆனா பாருங்க, விழுந்து எந்திரிக்கும்போது மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுறான். பக்தியில உறிஞ்சுறானா, இல்ல வாசனை பிடிக்கிறானான்னு எனக்கு இன்னும் பிடிபடல.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல தம்பி. சுருட்டு இல்லாட்டி எனக்கு என்ன? மத்தியானம் மூணு மணி வாக்குல மட்டும் மொட்டை மாடியில போய்ச் சும்மா உக்காந்துட்டு வருவேன். மிச்சம் இருந்த மூணும் மாதிரிதானே, சாமி காரியத்துக்கு வந்தது வீணாப் போகக் கூடாதுன்னு மதுரையில ஒரு லாட்ஜுல ரூம் போட்டு ஒவ்வொண்ணாத் தீத்தேன். பஞ்சவர்ணத்துக்கிட்டப் பென்சன் ஆபீசுன்னு சொல்லிட்டு.

இன்னைக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு எதுக்கு வந்தீங்கன்னா? அட, ஒரு சின்னச் சோலி. தவமணி கூட வேலை பாக்குற பய ஒருத்தன் லீவுல வர்றான், செவப்புப் பட்டி ஒரு பொட்டி குடுத்து விடுறேன்னான். மூணு மணி நேரம் வாசல்ல நின்னேன் தம்பி. வந்தவன் சொல்றான், ரூம்புலயே வச்சுட்டு வந்துட்டேன் அங்கிள்னு. அங்கிளாம்! மறந்துட்டானாம்! கண்ணு கலங்கிருச்சு. அப்படியே பஸ்ஸுல வந்து உக்காந்தா, பக்கத்து சீட்டுல நீங்க. உங்க மடியில நாலு. அதுல ஒண்ணு குட்டை. இதைக் கருப்பு பண்ணலைன்னா வேற யாரு பண்ணுனா?

இந்தா, பஸ்ஸு நிக்கப் போகுது. இருபது நிமிசம் நிக்கும். இப்ப கேளுங்க, உங்களுக்கு எதுன்னு சொல்றேன். அந்தத் தடியனை வீட்டுல வச்சுருங்க, ரெண்டு வருசம் கழிச்சுப் பாப்போம். கூரு இருக்குறதை வயிறு நெறையச் சாப்பிட்டுட்டுக் குடிங்க. ஒல்லியை நிதானமா இழுத்தா ஒண்ணும் பண்ணாது, நீங்க அதுலயே ஆரம்பிக்கலாம். செவப்புப் பட்டி வேணாம். என்னது? புது ஆளுக்கு அதுதான்னு சொன்னேனா? அது அம்பது வயசுக்கு மேல உள்ள புது ஆளுக்கு. உங்க வயசுக்கு ஒத்துக்கிராது. அதை எங்கிட்டக் குடுங்க, நான் மாதிரி பாத்துச் சொல்றேன். பாக்குவெட்டி பையிலயே இருக்கு.

வாங்க, அந்தப் புளியமரத்துக்குப் பின்னால போயிருவோம். நீங்களும் கூட நில்லுங்க தம்பி, ஆள் தொணை வேணும். ஒண்ணே ஒண்ணு, சொல்லிப்புடுறேன். மேலூர்ப் பக்கத்து ஆளுக எவனாச்சும் இந்தப் பக்கம் வந்தா சுருட்டை டக்குனு உங்க கையில திணிச்சுட்டு, "யாருடா அது பொது இடத்துல புகை பிடிக்கிறது"ன்னு உங்களைப் பாத்துச் சத்தம் போடுவேன். கோவிச்சுக்கக் கூடாது. பழைய ரசீதுப் புத்தகமும் கையில இருக்கு. அந்த இருநூறை நீங்க மறுபேச்சு பேசாமக் கட்டிருங்க, பஸ்ஸுல ஏறுனதும் திருப்பித் தந்துர்றேன்.